காட்டுவழியும் கட்டுச்சுமையும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரை நெடுஞ்சாலை சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என ஊர்களைத் தொடுத்துக்கொண்டு பொத்துவிலை அடைகின்றது. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வழியில் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி அமைந்துள்ளன. ஒரு புறம் கடல். மறு புறம் வயல். பொத்துவிலுக்கு அப்பால் பாணமை. பாணமைக்கு அப்பால் உகந்தை மலையடியில் முருகன் ஆலயம் ஒன்று தனித்து நிற்கின்றது. அதனைக் கடந்தபின் குடியிருப்பு இல்லை, கடையும் இல்லை. கூமுனைக் காடும் யாலக் காடும் கதிர்காமம் வரையிற் பரந்து கிடக்கின்றன.

இக்கரையிலிருந்து இரு வகையார் தொன்றுதொட்டுச் சுமையுடன் காட்டினுட் புகுந்துள்ளனர். ஒரு சாரார், பொதிமாடுகளின்மீது உப்பும் கருவாடும் ஏற்றி மேற்கே மலைநாடு நோக்கிச் சென்ற வணிகர். மற்றொரு சாரார், தலையில் மூட்டையும் கையிற் கோலும் தாங்கித் தெற்கே கதிர்காமம் நோக்கிச் சென்ற அடியார். முன்னவர் பொருள் குறித்தும் பின்னவர் அருள் குறித்தும் நடந்தனராயினும், இருவர்க்கும் வினா ஒன்றே: காட்டைக் கடக்க எவ்வளவு கொண்டுசெல்லல் வேண்டும்? குறையக் கொண்டவன் பசியாலும் விடாயாலும் வருந்துவன். மிகையாகக் கொண்டவனோ, உயிர்காக்க எடுத்த பொருளாலேயே உயிர் தளர்வன்.

இவ்வினாவுக்கு ‘தோள் தாங்குமளவு’ என்பது எளிதில் தோன்றும் விடை. எனினும் காட்டுவழி நடந்தோர் வரலாற்றை ஆராயுமிடத்து வேறோர் உண்மை புலனாகின்றது. சுமையின் அளவை உறுதிசெய்வன இரண்டு: வழியைப்பற்றிய அறிவு ஒன்று, வழியில் உள்ளார்மீதும் உடன் வருவார்மீதும் கொள்ளத்தக்க நம்பிக்கை மற்றொன்று. இவை மிகுமிடத்துச் சுமை குறையும். இவை குறையுமிடத்துச் சுமை மிகும்.

சொல்லும் மரபும்

சுமத்தல் தமிழர் வாழ்விற் பழைமையான தொழில். அதற்குரிய சொற்களே அதன் நுட்பத்தைக் காட்டுவன. மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்குவது பொதி. தலைக்கும் சுமைக்கும் இடையே துணியைச் சுருட்டி வைப்பது சும்மாடு. தோளின்மீது கிடக்கும் கோலின் இருதலையிலும் பாரத்தைத் தூக்குவது காவுதல், அக்கோல் காவுதடி. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றுதற்கு ஆள் உயரத்திற் பாதையோரம் நாட்டப்படுவது சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் இருந்தது. இறக்கி வைக்க இயலாத சுமையுடன் மறைந்தவளின் பெயரால் வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்க இடஞ்செய்த அவ்வுள்ளத்தின் கனிவு எண்ணத்தக்கது.

சங்கச் சான்றோரும் இத்தொழிலின் நுணுக்கத்தை உற்று நோக்கினர். பெரும்பாணாற்றுப்படையிற் கழுதைச் சாத்து ஒன்று வருகின்றது. அக்கழுதைகளின் முதுகு தழும்பேறியது; அவற்றின்மேல் மிளகுப் பொதிகள், பலாப்பழங்கள்போல, இருபுறமும் ஒத்த எடையினவாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒருபுறம் தாழ்ந்த பொதி விலங்கின் முதுகைப் புண்ணாக்கும் என்பதை அன்றைய வணிகர் நன்குணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 102 ஆம் பாட்டில் ஒளவையார் உப்பு வணிகராகிய உமணரைக் காட்டுகின்றார். பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் வண்டியின் அச்சு எப்போது முறியுமென அறிதல் இயலாது. ஆதலின் அவர்கள் வண்டியின் கீழ் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதுவே சேமவச்சு. ஒளவையார் அதனை இளவரசன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். எதனை இழந்தால் பயணம் முழுவதும் நின்றுவிடுமோ, அதற்கு மட்டும் இரட்டிப்பு வேண்டும் என்பதே இவ்வுவமையிற் பொதிந்த வழிநடை நெறி.

புராண மரபிலும் சுமப்போன் ஒருவன் உளன். அகத்தியர் பணித்தவாறு சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றங்களைப் பிரமதண்டத்தின் இருதலையிலும் பாம்புகளாற் கட்டித் தூக்கிவந்த இடும்பன், பழனியில் இளைப்பாற இறக்கினான். மீண்டும் தூக்க முயன்றபோது அவை பெயரவில்லை. காவடி வழிபாட்டின் தோற்றமாகக் கூறப்படும் இக்கதை, காவுதடியின் சமநிலையையும் இறக்கிவைக்கும் இடத்தின் சிறப்பையும் ஒருங்கே உணர்த்துவது.

தவளம்

ஈழத்தின் மலைநாட்டுக்குக் கடல் இல்லை. ஆதலின் உப்பும் இல்லை. கண்டி இராச்சியம் தன் உப்புக்கும் கருவாட்டுக்கும் என்றும் கரையையே நோக்கவேண்டியிருந்தது. 1766 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபின் இத்தேவை மேலும் கடுமையாயிற்று. இக்குறையை நீக்கும் பணியில் முஸ்லிம் வணிகர் பெரும் பங்கு கொண்டனர். போர்த்துக்கேயரால் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களை மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டளவில் ஏற்று, அவருள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த கல்முனைக் கரையும் 1961 ஆம் ஆண்டு வரையில் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியதேயாகும். கண்டி அரசில் ‘மடிகே’ எனப்பட்ட போக்குவரத்துத் துறையில் முஸ்லிம்கள் பொதிமாடுகளுடன் பணிபுரிந்தனர்.

பொதிமாடுகள் நிரையாகச் செல்லும் இவ்வணியைத் தவளம் என்றனர். சிங்களத்திலும் இப்பெயரே வழங்கும். தமிழில் தாவளம் என்னுஞ் சொல் தங்குமிடத்தைக் குறிப்பது ஈண்டு நோக்கத்தக்கது. சுமையணியின் பெயரும் தங்கிடத்தின் பெயரும் இங்ஙனம் அடுத்தடுத்து நிற்றல் பொருத்தமே. தவளம் நடத்துவோனின் கல்வி பெரும்பாலும் தங்கிடங்களைப்பற்றிய கல்வியாகவே இருந்தது. எந்த ஓடையில் எந்த மாதம் வரையில் நீர் நிற்கும், எந்தத் திடலிற் புல் உண்டு, எந்த ஆற்றை எத்துறையிற் கடக்கலாம் என்பவற்றை அறிந்தவனே தலைவன்.

வண்டி செல்ல இயலாத ஒற்றையடிப் பாதையிலும் மாடு செல்லும். அதனினும் சிறந்த நன்மை ஒன்றுண்டு. மாடு தன் உணவைத் தான் சுமப்பதில்லை. வழியிலுள்ள புல்லையே மேய்கின்றது. உணவைத் தானே சுமந்து செல்லும் அணி, தூரம் மிக மிக, விற்பனைப்பொருளைக் குறைத்து உணவை மிகுத்தல் வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் அது தன்னையே சுமந்து தன்னையே உண்ணும் அணியாகிவிடும். மாடு இவ்விடர்ப்பாட்டை நீக்கிற்று. ஆயினும் அதற்கு மேயவும் அசைபோடவும் பொழுது வேண்டும். ஆதலின் ஒரு நாளின் நடையெல்லையை வகுத்தது வணிகனின் அவசரமன்று, புல்லும் நீருமே. தங்கிடம் சேர்ந்தவுடன் முதற்பணி பொதியிறக்கலாகும். போகும்போது உப்பும் கருவாடும் துணியும் ஏறின. மீளும்போது பாக்கு முதலிய மலைநாட்டுப் பொருள்கள் ஏறின. வெறும் முதுகுடன் திரும்பும் மாடு இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் வண்டிப் பாதைகள் பெருகப் பெருகத் தவளம் குன்றி மறைந்தது.

தவளத்தாருக்கு மற்றொரு முதலும் இருந்தது. அது வழியூர்களின் நட்பு. ஆண்டுதோறும் ஒரே வழியில் வருபவன், ஒரே முற்றத்தில் உப்பை அளந்து கொடுப்பவன், அவ்வூரில் அயலான் அல்லன். அவனுக்கு அரிசியும் கிடைக்கும், மழைக்கு ஒதுங்கத் திண்ணையும் கிடைக்கும். அவ்வளவிற்கு அவன் பொதியிற் குறைவு.

இரு பயணங்கள்

நட்பும் அறிவும் இல்லாவிடத்துச் சுமை எவ்வாறாகும் என்பதற்கு 1804 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று பகரும். ஆங்கிலப் படைத்தலைவர் ஆதர் ஜோன்ஸ்ரன் ஏறத்தாழ 300 போர்வீரருடன் அவ்வாண்டு செப்டெம்பரில் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். வெடிமருந்தும் உணவும் தூக்குதற்கு வீரரினும் பெருந்தொகையான சுமைகாரர் உடன் சென்றனர். வேறு திசைகளினின்றும் படைகள் வந்து கூடுமென அவர் எண்ணியிருந்தார், அவை வரவில்லை. ஒக்டோபரிற் கண்டியை அடைந்தவர், பகைவர் சூழத் தனித்து நிற்பதை உணர்ந்து திருகோணமலை நோக்கிப் பின்வாங்கினார். மறைந்திருந்து தாக்கிய கண்டியரின் சூட்டுக்கு அஞ்சிச் சுமைகாரர் சுமைகளை எறிந்துவிட்டுக் காட்டுள் ஓடினர். தூக்குவாரின்மையால் காயமுற்றோரையும் கைவிட நேர்ந்தது. தம் கையில் இல்லாத சுமை தமது சுமையன்று என்பதை அப்படை பெரும் விலை கொடுத்துக் கற்றது. இவற்றையெல்லாம் ஜோன்ஸ்ரனே பின்னர் நூலாக எழுதி வெளியிட்டார். அவரை எதிர்த்த கண்டி வீரனோ, 15 நாட்களுக்குரிய உணவைத் தானே கொண்டுவந்து பணிபுரிந்தான். சிறிதளவு அரிசியும் பிறவும் அவன் ஆடைமுடிச்சில் அடங்கின. தாளிப்பனை ஓலையே அவனுக்குக் குடை, அதுவே கூடாரம். காடு அவனுடைய நாடாதலின் அவனுக்கு அவ்வளவே போதுமாயிற்று.

மற்றொரு பயணம் இதற்கு 125 ஆண்டுகள் முற்பட்டது. கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் 1660 ஆம் ஆண்டு சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்தபின், 1679 ஆம் ஆண்டு தோழர் ஸ்ரீவன் றட்லண்ட் என்பாருடன் தப்பியோடினார். மல்வத்து ஓயாவின் கரை வழியே வடமேற்குக் காட்டைக் கடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை இருவரும் அடைந்தனர். அவர் தம் மூட்டையில் இருந்தவற்றை எழுதி வைத்துள்ளார். சில நாட்களுக்குரிய அரிசி, மீன், இறைச்சி, உப்பு, மிளகு, சமைக்க ஒரு கலம், நீர் மொள்ள இரு சுரைக்குடுக்கை, மழைக்குக் கூடாரமாக இரு தாளிப்பனை ஓலை, சர்க்கரை, வெற்றிலையும் புகையிலையும், கால் முள் தைக்காதவாறு மிதியடி செய்ய ஒரு மான்தோல், கையில் நீண்ட காம்பிற் பொருத்திய சிறு கோடரி, இடையிற் கத்தி. இவ்வளவே.

இப்பட்டியலில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தீமூட்டும் கருவியை மட்டும் அவர் இரண்டு மூன்றாக எடுத்துச் சென்றார். ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டுமென்பது அவர் கூறும் காரணம். உமணர் வண்டியின் கீழ்க் கட்டிய சேமவச்சு ஈண்டு நினைவுக்கு வரும். நாடும் மொழியும் காலமும் வேறாயினும், காட்டுவழி நடந்தோர் கண்ட நெறி ஒன்றாகவே உள்ளது. இப்பயணத்திற்கு முன்பு நொக்ஸ் பல ஆண்டுகள் சில்லறை வணிகராகச் சுமைதூக்கி ஊரூராகத் திரிந்தார். வணிகம் சாக்காக, வழியறிதலே உள்நோக்கமாயிற்று. அவ்வழியறிவே அவருடைய மூட்டையைச் சிறிதாக்கியது.

பாதயாத்திரை

இனி, இன்றும் உயிருடன் விளங்கும் சுமைநடையாகிய கதிர்காம பாதயாத்திரை ஆராயத்தக்கது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் அடியார் வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக வந்து கல்முனைக் கரையைக் கடக்கின்றனர். வழியிலுள்ள கோயில்களிற் பலர் சேர்ந்துகொள்வர். போர்ச் சூழலால் 1980 களில் தடைப்பட்ட இந்நெடுநடை 1988 ஆம் ஆண்டிலிருந்து மீண்டும் உயிர்பெற்றது.

உகந்தை வரையில் அடியாரின் மூட்டை சிறியது. மாற்றுடை, திருநீற்றுப்பை, கிண்ணம், படுக்கப் பாய் ஆகியவை போதும். ஊர் தோறும் கோயில் மடமும் அன்னதானமும் உண்டு. தாகத்துக்கு மோரும் தண்ணீரும் உண்டு. தமிழ் ஊராருடன் முஸ்லிம் ஊராரும் நடைவழியோருக்கு நீர் வழங்குதல் இக்கரையின் வழக்கம். உகந்தையிலோ நிலை முற்றும் மாறுகின்றது. அங்கிருந்து கதிர்காமம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். நாலைந்து நாள் நடை. வனவிலங்குத் திணைக்களத்தின் காவலில் உள்ள அப்பாதை ஆடித் திருவிழாவையொட்டிச் சில நாட்களே அடியார்க்குத் திறக்கப்படும். ஆதலின் உகந்தையில் அடியார் மூட்டையை அவிழ்த்து மீண்டும் கட்டுவர்.

அப்போது காலமோ கச்சான் வீசும் காலம். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பெய்துவிட்டு வரும் காற்று கிழக்குக் கரையில் வறண்ட அனலாக வீசும். மாரியில் நிறைந்த வில்லுகளும் ஓடைகளும் ஒவ்வொன்றாக வற்றும். வாகூரவெட்டை, கூமுனை ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று அடியார் நாவிற் பயிலும் பெயர்கள் வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. அவை தங்கிடங்களின் நிரல். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையேயுள்ள தூரமே நீர்க்குடத்தின் அளவு. கூமுனை ஆற்றைக் கடந்தபின் வரும் பகுதியில் வெயிலும் வறட்சியும் மிகக் கடியன. மேற்பரப்பில் வறண்ட ஆற்றுப்படுகையில் மணலைத் தோண்டினால் ஊற்று நீர் சுரக்கும். இதனை அறிந்த முதியவர் ஒருவர் குழுவில் இருப்பின், ஒவ்வொருவர் தலையிலும் சில கிலோகிராம் எடை குறையும். வழியறிவு சுமையைக் குறைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உணவுத் தெரிவிலும் அனுபவ ஞானம் ஒளிர்கின்றது. ஒரு கிலோகிராம் அரிசி, சோறாகும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாகும். மிகுதி முழுவதும் நீர். ஆதலின் தங்கிடத்தில் நீர் உள்ளபோது, சோற்றை அன்றி அரிசியைச் சுமத்தலே அறிவு. நடந்துகொண்டே உண்ண அவல், பொரிமா, சர்க்கரை, எள்ளுருண்டை. குழுவுக்கு ஒரு பானை, ஒரு கத்தி, ஒரு கயிறு. நால்வர் தனித்தனியே நடந்தால் நான்கு பானை வேண்டும். நால்வர் கூடி நடந்தால் ஒன்றே போதும். கூட்டுறவு சுமையைக் குறைக்கும் முறை இஃதாம். முதியோரின் மூட்டையை இளையோர் பகிர்ந்து ஏற்பர். குழுவில் மிக மெல்ல நடப்பவரின் நடையே குழுவின் நடை.

ஒரு பொருள் பல பயன் தருதலும் இவர்தம் கட்டுமுறையின் இயல்பு. நான்கு முழச் சாரம் ஒன்று போதும். மருதமுனைக் கைத்தறியில் நெய்யப்படுவது போன்ற உறுதியான துணியாயின் மிக நன்று. பகலிற் சுருட்டினால் அது சும்மாடு, விரித்து முடிந்தால் மூட்டை, தலையிற் கட்டினால் வெயிற்காப்பு, ஊற்று நீரை வடித்தால் வடிதுணி, இரவிற் போர்வை. கையிற் கோல் ஆற்றில் ஆழம் பார்க்கவும் சேற்றில் ஊன்றவும் உதவும். வடித்தெடுத்த நீரையும் கொதிக்கவைத்துக் கொத்தமல்லி இட்டுப் பருகுதல் பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்த நேர்ந்தமையை நினைப்போர்க்கு அவ்வழக்கத்தின் பயன் விளங்கும்.

அறிவியல் கூறுவது

சுமைநடையைப்பற்றி அண்மைக்கால அறிவியல் கண்டவை இம்மரபறிவை உறுதிசெய்கின்றன. கென்யா நாட்டின் லூவோ, கிகுயு இனப் பெண்களை ஆராய்ந்து 1986 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்கள் தம் உடல் எடையில் ஐந்திலொரு பங்கு வரையிலான சுமையை ஏற்று நடக்கும்போது மேலதிக ஆற்றலைச் செலவிடவில்லை என்று காட்டியது. இளமை முதற் பயின்ற நடையின் பயன் அது, பயிலாதவர்க்கு வாய்ப்பதன்று. 2005 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு நேபாளச் சுமைகாரரைப்பற்றியது. ஆண்கள் தம் உடல் எடைக்கு ஏறத்தாழச் சமமான சுமையை நெற்றிப்பட்டையில் தாங்கி மலையேறுகின்றனர். அவர்தம் மறைபொருள் யாதெனின், மிக மெல்ல நடத்தலும் அடிக்கடி நிற்றலுமேயாம். கையிலுள்ள குறுங்கோலைச் சுமையின் கீழ் ஊன்றி நின்றபடியே இளைப்பாறுவர். நம் முன்னோர் கல்லில் நாட்டிய சுமைதாங்கியை அவர்கள் கையிற் கொண்டு திரிகின்றனர் எனலாம்.

போர்வீரரின் சுமையைப்பற்றி 1950 ஆம் ஆண்டில் நூல் எழுதிய அமெரிக்கர் எஸ். எல். ஏ. மார்ஷல், பயிற்சிக் காலத்திலும் உடல் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட சுமை தகாதென்றும், போரில் அதனினும் குறைதல் வேண்டுமென்றும் வற்புறுத்தினார். அச்சமும் களைப்பும் ஒன்றையொன்று வளர்க்கும். ‘ஒருவேளை தேவைப்படும்’ என்று சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளும் அவ்விரண்டையும் வளர்க்கும் என்பது அவர் கருத்து.

எளிய கணக்கொன்று இவ்வுண்மையை விளக்கும். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர்க்கு மூன்றிலொரு பங்கு இருபது கிலோகிராம். ஐந்திலொரு பங்கு பன்னிரண்டு. கச்சான் வெயிலில் நாள் முழுதும் நடப்பவர்க்கு நாளொன்றுக்கு நாலைந்து லீற்றர் நீராவது வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். ஐந்து நாள் நீரையும் சுமக்க எண்ணின் அதுவே இருபத்தைந்து கிலோகிராமாகும். உணவுக்கும் உடைக்கும் இடமில்லை. ஆகவே காட்டை நீரால் வெல்ல இயலாது. நீருள்ள இடத்தை அறிவதாலேயே வெல்ல இயலும். அடுத்த தங்கிடம் வரையிலான நீரும், அத்தங்கிடம் வறண்டிருப்பின் அதற்கடுத்த இடம் வரையிலான சேம நீரும் சுமத்தலே முறை. சேமவச்சின் நெறி நீரிலும் பொருந்துவதாம்.

இன்றைய நிலை

இந்நூற்றாண்டில் யாத்திரையின் வசதிகள் பெருகியுள்ளன. தங்கிடங்களில் நீர்த்தாங்கிகள் வைக்கப்படுகின்றன, மருத்துவ உதவி கிடைக்கின்றது, அன்னதானமும் நிகழ்கின்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் வசதி மிகும்போது வழியறிவு குறைதலும் கண்கூடு. நீர்த்தாங்கி உண்டென நம்பி ஒரே குப்பியுடன் புகும் இளைஞன், அது காலியாயிருக்கும் வேளையில் மணலைத் தோண்ட அறியான். மறுபுறம், தோளை அறுக்கும் பெரும்பைகளில் வேண்டாதன யாவற்றையும் அடைத்து வருவோர், இரண்டாம் நாளில் அவற்றைக் காட்டில் எறிந்து செல்கின்றனர். யானையும் மானும் திரியும் இடத்திற் பொலித்தீனும் பிளாஸ்ரிக் குப்பிகளும் கிடக்கின்றன. எறியப்படும் சுமை ஒழிவதில்லை; அது காட்டின் தலைக்கு மாறுகின்றது. கொண்டுசென்றதை மீளக் கொண்டுவர இயலாதவன் கொண்டுசெல்ல உரியவன் அல்லன் என்பது இக்காலம் பழைய நெறியோடு சேர்க்கவேண்டிய புது விதி.

மற்றொரு சுமையும் உண்டு. போர்க்காலத்தில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இக்கரையில் விழுந்த பிளவு ஆழமானது. இரு பக்கத்திலும் உயிரிழந்தோர் பலர். ஊர் ஊரை அஞ்சிய அந்நாட்களில், அயலூரின் கிணற்றில் நீர் அருந்தலாம் என்னும் பழைய உறுதி தளர்ந்தது. அவ்வுறுதி தளரின், உகந்தைக்கு அப்பால் மட்டுமன்றிக் கல்முனையிலேயே காடு தொடங்கிவிடும். கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்கு அணித்தே பள்ளிவாசலும் உண்டு. வாழ்வின் நீரை அருந்தியவராகவும் வழிதவறியோர்க்கு வழிகாட்டுபவராகவும் இஸ்லாமிய மரபு போற்றும் ஹிழ்ர் நபியுடன் முஸ்லிம்கள் அவ்விடத்தைத் தொடர்புபடுத்துவர். வறண்ட காட்டைக் கடந்து வருவோர் சேருமிடத்தில் நீரும் வழியும் தருபவரின் நினைவு நிலவுதல் மிகப் பொருத்தமே.

தவளத்தின் மாடுகள் மறைந்தன. அவை நடந்த தடங்களிற் பல இன்று தார்ச்சாலைகள். எனினும் ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதத்தை அடுத்து, தலையில் மூட்டையுடன் ஒரு நெடுவரிசை கல்முனைச் சாலையைக் கடந்து செல்கின்றது. வரிசையில் நடக்கும் முதியவர் வாசலில் நின்று நீர் கேட்கின்றார், வீட்டார் கொடுக்கின்றனர். அவர் அருந்தி எழும்போது அவர் மூட்டையில் ஒரு செம்பு நீரின் எடை குறைந்திருக்கின்றது. கொடுத்தவரின் வாசலும் அவ்வளவிற் சுமைதாங்கியாகின்றது. காட்டுவழிக்கு வேண்டிய பொருள்களுள் மூட்டையிற் கட்ட இயலாததும், இல்லாவிடின் மூட்டையால் ஈடுசெய்ய இயலாததும் இதுவேயாம்.